யார் யாருக்கு அக்கா

திண்டிவனத்தில் ஒரு வார்டுக்கு நான் ஐந்து ஆண்டுகள் கவுன்சிலராக இருந்தேன். அந்த ஐந்து ஆண்டுகளில் என் கையெழுத்தோடு வெளியே போன கடிதங்கள் இரண்டாயிரத்து நூற்றுப் பதினெட்டு. ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் போட்டு ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். அவற்றில் நான்கு பொய். பொய் என்று தெரிந்து எழுதவில்லை. ஆனால் தெரிந்த பிறகு திருத்தவும் இல்லை. அந்த நான்கைப் பற்றித்தான் இது.

என் முழுநேர வேலை விழுப்புரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் வரலாற்றுப் பேராசிரியர். தினமும் காலை ரயில், மாலை ரயில், இடையில் நான்கு நிறுத்தங்கள். தொண்ணூற்று மூன்றில் விழுப்புரம் தனி மாவட்டமாகி, அங்கே ஒவ்வொன்றாக அலுவலகங்கள் திறந்தபோது, எங்கள் தெருக்காரர்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "சார், நீங்க அங்கதான போறீங்க, இந்த மனுவைக் குடுத்துட்டு வந்துடுங்க." மூன்று ஆண்டுகளில் என் பையில் விடைத்தாளைவிட மனுக்கள் அதிகமாகிவிட்டன. தொண்ணூற்றாறில் உள்ளாட்சித் தேர்தல் வந்ததும், மனு சுமக்கிறவரே நிற்கட்டும் என்றார்கள். கல்லூரி நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கி, சுயேச்சையாக நின்று, நாற்பத்தொரு வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தேன். தோற்றவர் மறுபடி எண்ணச் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். மறுபடியும் நாற்பத்தொன்றே வந்தது. அதிகாரி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

வார்டில் என்னைத் தேடி வந்தவர்களில் பாதிப் பேர் முதியோர் உதவித்தொகைக்காக வந்தார்கள். அப்போது அதற்கு அறுபத்தைந்து வயது முடிந்திருக்க வேண்டும். ஆனால் எங்கள் வார்டுக் கிழவிகளில் ஒருத்தருக்கும் பிறப்புச் சான்று கிடையாது, பள்ளிக்கூடம் போனதும் கிடையாது. அரசு மருத்துவர்தான் பார்த்து வயது சொல்ல வேண்டும். அவரோ, "உங்க கவுன்சிலர் வாத்தியார்தான, அவர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவார். சட்டப்படி என் கடிதத்துக்கு மதிப்பில்லை. நடைமுறையில் அதுதான் வயது.

மற்றவர்கள் பல்லைப் பார்த்தும் தலைமுடியைப் பார்த்தும் வயது சொல்வார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. வரலாறு படித்தவன் முறையாகச் செய்ய வேண்டும் என்று, நடந்த சம்பவங்கள் பதினேழை வரிசைப்படுத்தி ஓர் அட்டவணை போட்டேன். நயா பைசா வந்தது, சுதந்திரக் கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்தது, இப்படி. அதில் முக்கியமானது ஐந்தாவது கேள்வி. உலகப் போர் சமயத்தில் மெட்ராஸில் குண்டு விழும் என்று பயந்து ஜனங்கள் ரயிலேறி எங்கள் பக்கம் வந்து இறங்கினார்கள். அப்போது பத்து வயதானவர்களுக்கு இப்போது அறுபத்தைந்து தாண்டியிருக்கும். அதனால் இப்படிக் கேட்பேன்:

"மெட்ராஸ் சனங்க ரயில்ல வந்து எறங்கனாங்களே, அப்ப உங்களுக்கு இடுப்புல உக்கார்ற வயசா, தண்ணிக் குடம் தூக்கற வயசா?"

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நகராட்சித் தொடக்கப் பள்ளியின் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வேன். முதல் ஞாயிறு வந்தவர் ஒருத்தர், "எங்கம்மா இடுப்புலதான் சார் குந்திக்கினு இருந்தேன்" என்றார். அவரைத் திருப்பி அனுப்பினேன். அடுத்த ஞாயிறுகளில் வந்தவர்கள் குடம் தூக்கியவர்கள். "ஆமா சார், குடத்தைத் தூக்கிக்கினு ரயிலடிக்கே ஓடனேன். பாவம், கொழந்தைங்கலாம் தாகத்துல கெடந்துதுங்க." கேட்கக் கேட்க நோட்டை நிரப்பிக்கொண்டே போனேன். எந்தப் புத்தகத்திலும் இல்லாத செய்தி. ஒன்பது வாரத்தில் பதினோரு பெண்கள் சொன்னார்கள். பதினோரு பேருக்கும் கடிதம் கொடுத்தேன்.

ஒருத்தர் மட்டும் குடம் தூக்கவில்லை. மல்லாட்டை என்று எங்கள் பக்கம் சொல்லும் நிலக்கடலை மில்லில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவர். ஒல்லியான உடம்பு, கழுத்தில் சிலுவை கோத்த கறுப்புக் கயிறு.

"எங்க ஊரு அனந்தபுரத்துக்கு அந்தாண்ட சார். அங்க ரயிலே கெடையாது. யாரும் வந்து எறங்கல."

"காதாலயாவது கேட்டிருப்பீங்களே?"

"நான் ஆட்டுக்குத் தழை ஒடிச்சுக்கினு இருந்தேன். எங்கிட்ட யாரு சார் வந்து சொல்றது?"

மற்றப் பதினாறு கேள்விகளுக்கும் கிட்டத்தட்ட இதே பதில். நான் நோட்டில் 'நிச்சயமில்லை' என்று எழுதினேன். அவர் போகாமல் நின்றார்.

"கண்ணு பூட்ச்சு சார். கல்லும் பருப்பும் ஒண்ணாத் தெரியுது. மில்லுல வேணான்னுட்டாங்க. இந்தப் பணம் வந்தாதான் எனக்குச் சோறு."

"பிள்ளைங்க இல்லையா?"

"ஒரு பொண்ணு. கண்டமங்கலத்துல கட்டிக் குடுத்துக்கீது. அது தெனம் பாண்டிக்கு வேலைக்குப் பூட்டு வருது. மருமவன் ஊட்டுல போயி குந்திக்கினு துன்னச் சொல்றீங்களா?"

அட்டவணையில் அதற்குக் கட்டம் கிடையாது. அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

பதினோரு பெண்கள் ரயிலடியில் தண்ணீர் கொடுத்ததைக் கட்டுரையாக எழுதி, கல்லூரி வரலாற்று மன்றத்தில் வாசித்தேன். கைதட்டினார்கள். அச்சுக்குக் கொடுக்கச் சொன்னார் முதல்வர். நல்லபடி எழுதுவதற்காக ஒவ்வொரு பெண்ணின் பெயருக்கு எதிரிலும் அவர் பிறந்த ஊரைக் குறித்துக்கொண்டு வந்தேன். ஒன்பதாவது பெண் பிறந்த ஊர் காணை. கல்யாணம் ஆனபிறகுதான் திண்டிவனம் வந்தவர். காணையில் நெல் உண்டு, கரும்பு உண்டு. ரயில் இல்லை.

பேனாவை மூடி வைத்துவிட்டுப் பதினோரு பதில்களையும் ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். பதினோரு பேர், பதினோரு குடம், பதினோரு தாகம் எடுத்த குழந்தைகள். ஒருத்தர்கூட வழியில் தண்ணீரைக் கீழே சிந்தவில்லை.

என் ஞாயிற்றுக்கிழமை விசாரணைகளின்போது பள்ளிக்கூட வாசற்படியில் ஒரு பூக்காரி உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருப்பார். பதினோரு பேரில் நான்காவது அவர்தான். கடிதம் வாங்கிய பிறகும் ஒவ்வொரு வாரமும் வந்து உட்கார்ந்திருந்தார். வியாபாரம் என்று நினைத்திருந்தேன். அவரிடம் போய் நின்றேன்.

"ஏம்மா, இந்தக் குடம் சமாச்சாரத்தை எல்லாருக்கும் யாரு சொல்லிக் குடுத்தது?"

"நீங்கதான் சார்."

"நானா?"

"இடுப்பா, குடமான்னு நீங்கதான கேக்கறீங்க? இடுப்புன்னு சொன்ன மொத ஆளைத் திருப்பி அனுப்பிட்டீங்க. அதுக்கப்புறம் எவ சார் இடுப்புல குந்துவா?"

"அந்தத் தாகத்துல கெடந்த குழந்தைங்க?"

"அது மட்டும் நான் சேத்தது. சும்மா குடம்னு சொன்னா நல்லாவா இருக்கும்?" பூவை வாயால் இழுத்து முடிச்சுப் போட்டார். "கேள்வித் தாளு அவுட்டாச்சுன்னா அவுட்டாக்கனது நீங்க. எங்களைக் கேட்டா?"

இருபத்தாறு ஆண்டுகள் கேள்வித்தாள் தயாரித்தவனுக்கு அது வலித்தது. வலியைவிட ஆர்வம்தான் அதிகமாக இருந்தது. அப்படியானால் என்னிடம் உண்மை சொன்னது, 'நிச்சயமில்லை' என்று நான் எழுதிய அந்த ஒருத்தர் மட்டும்தான். அவருக்கும் ஒரு காலக் கணக்கு இருந்தாக வேண்டும். என்னுடையது இல்லை என்பதால் இல்லாமல் போய்விடாது.

அன்று மாலையே அந்தம்மாவின் வீட்டுக்குப் போனேன். அட்டவணையைக் கொண்டுபோகவில்லை.

"நான் எதுவும் கேக்கல. நீங்களாவே சொல்லுங்க. எப்பப் பொறந்தீங்க?"

"தாடி சாமி வந்த நாலாம் வருசம், அறுப்புக்கு முன்னால."

"யாரு தாடி சாமி?"

"எங்க பங்குச் சாமி. தாடி சாமி எனக்கு ஞானஸ்நானம் குடுத்தாரு. வில்லுவண்டி சாமி புதுநன்மை, அதான் மொத நற்கருணை, குடுத்தாரு, அவரு வந்த அடுத்த வருசம். சைக்கிள் சாமி தாலி மந்திரிச்சுக் குடுத்தாரு, அவரு போறதுக்கு ஒரு மாசம் முன்னால. எம்பொண்ணு பொறந்தது கண்ணாடி சாமி ரெண்டாம் வருசம்." விரல்களை மடக்கிக்கொண்டே போனார். ஒன்பது பங்குக் குருக்கள். ஒருவரையும் முன்பின்னாக மாற்றவில்லை.

நான் கரும்பலகையில் வருடா வருடம் எழுதிப்போடுவது இதுதான். இன்ன அரசனின் நான்காம் ஆட்சியாண்டில் இன்னது நடந்தது. கல்வெட்டுகளில் அப்படித்தான் இருக்கும். அதைப் படிக்கத் தெரிந்தவன் எதிரில் இந்தம்மா வந்து நின்றபோது, ரயிலைப் பார்த்தீர்களா என்று கேட்டிருக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை இருவரும் செஞ்சி போய், பஸ் மாறி, அனந்தபுரத்துக்கு அப்பால் அவர் ஊர்க் கோயிலுக்குப் போனோம். சுவரில் பங்குத்தந்தையர் பட்டியல் பெயின்ட்டில் எழுதியிருந்தது. எழுத்துப் பிழை இரண்டு. அந்தம்மா சொன்ன வரிசையில் பிழை இல்லை. அப்போதிருந்த இளம் ஃபாதர் அலமாரியைத் திறந்து ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்தார். கொஞ்ச நேரத்திலேயே, "இதோ இருக்கு" என்றார். அந்தம்மாவின் பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், எல்லாம் சரி. மனசுக்குள் கூட்டினேன். அறுபத்தேழு. எனக்கு வந்த சந்தோஷத்தில் எழுந்து நின்றுவிட்டேன். ஃபாதர் சான்றிதழ்ப் படிவத்தில் பெயரை எழுத ஆரம்பித்துவிட்டார்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்தம்மா கேட்டார். "மாசம் இன்னா சாமி போட்டுக்கீது?"

"ஏப்ரல்."

"அது நான் இல்ல. நான் அறுப்புக்கு முன்னால, மார்கழி. அது எங்கக்கா. அம்மை போட்டுப் பூட்ச்சு. அந்தப் பேரைத்தான் எனக்கு வெச்சாங்க."

ஃபாதர் பக்கங்களைப் புரட்டினார். மூன்று வருடம் எட்டு மாதம் கழித்து, அதே பெயர், அதே அப்பா, அதே அம்மா. திரும்பிப் போய்ப் பார்த்தால், முதல் பதிவின் ஓரத்தில் மங்கிய மையில், இறந்தவர்களுக்குப் போடும் ஒரு சின்னச் சிலுவை. நானும் பார்க்கவில்லை, அவரும் பார்க்கவில்லை. இரண்டாவது பதிவின்படி வயது அறுபத்துமூன்றும் நான்கு மாதமும். உதவித்தொகைக்கு இன்னும் இருபது மாதம்.

பாதி எழுதிய படிவத்தை ஃபாதர் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இதுவும் பதிவேட்டுல இருக்கறதுதான சார்" என்றார் மெதுவாக. அந்தம்மா குறுக்கே பேசாவிட்டால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கு நிச்சயமில்லை.

"செத்தவ வயச எடுத்துக்கினு நான் எப்பிடி சாமி சோறு துன்றது?" என்றார் அந்தம்மா.

ஃபாதர் படிவத்தைக் கிழித்துவிட்டு இன்னொன்றை எடுத்தார்.

திரும்பும்போது செஞ்சியில் பஸ் மாறி உட்கார்ந்ததும் அந்தம்மா கேட்டார். "ஏன் சார், பூக்காரிக்கு மட்டும் எப்பிடி வந்துது? அது எனக்குச் சின்னவளாச்சே."

"எப்படிச் சொல்றீங்க?"

"என்னை அக்கான்னுதான கூப்புடும். முப்பது வருசமா."

பஸ் சத்தத்தில் அதை இரண்டு முறை சொல்லச் சொன்னேன். பிறகு நோட்டை எடுத்து, பதினோரு பேரையும் ஒவ்வொருவராகக் கேட்டேன். இவங்களை நீங்க எப்படிக் கூப்பிடுவீங்க? இவங்க உங்களை எப்படிக் கூப்பிடுவாங்க? ஏழு பேரை இவர் அக்கா என்கிறார். நான்கு பேர் இவரை அக்கா என்கிறார்கள்.

யாரும் யாருக்கும் சொந்தமில்லை. ஒரே தெருவில் குடியிருந்து, ஒரே மில்லில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மல்லாட்டை பொறுக்கியவர்கள். முதல் நாள் பார்த்ததும் பெரியவளா சின்னவளா என்று முடிவு செய்து வைத்த அழைப்பு, பிறகு மாறுவதில்லை. அதனால் யாருக்கும் எந்த லாபமும் இல்லாத காலத்தில் உண்டான சான்று அது. அதைவிட நல்ல சான்றை நான் படித்ததில்லை. வசதிக்காரப் பெண்ணைச் சின்னவளானாலும் அக்கா என்பார்கள் என்று எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. இந்தப் பன்னிரண்டு பேரில் வசதிக்காரர் யாரும் இல்லை. இரண்டு வாரம் குழாயடியிலும் ரேஷன் கடையிலும் சும்மா நின்று, யார் யாரை என்னவென்று கூப்பிடுகிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்டேன். அந்தம்மா சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. ஏழு பேரும் அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள் என்பதற்கு இப்போதும் ஆதாரம் கிடையாது. ஆனால் நான்கு பேர் தாண்டவில்லை என்பதற்கு இருந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்த ஞாயிறு, பூக்காரியும் அந்தம்மாவும் மற்றவர்களும் இருக்கும்போது, நான் நோட்டை விரித்துக்கொண்டு, அந்தம்மாவைக் காட்டிப் பூக்காரியிடம் கேட்டேன்.

"நீங்க இவங்களை எப்படிம்மா கூப்பிடுவீங்க?"

பூக்காரி என்னைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார். கணக்கு அவருக்குப் புரிய ஒரு நொடி ஆகவில்லை.

"இவளையா? பேரு சொல்லித்தான். இவ எனக்குச் சின்னவ சார். ஏய், சொல்லேன், நீ எனக்குச் சின்னவதான?"

வராந்தாவில் யாரோ சிரித்தார்கள். அந்தம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். நான் கடிதம் தர மறுத்த அன்று நின்றுகொண்டிருந்தவர், இப்போது நிற்கவில்லை.

வரலாற்று மன்றத்தில் எழுந்து, என் கட்டுரையில் உள்ள பதினோரு குடங்களும் நானே கேட்டு வரவழைத்தவை, அச்சுக்குக் கொடுக்கவில்லை என்று சொன்னேன். அது சுலபமாக இருந்தது. தாலுகா அலுவலகத்துக்கு, நான்கு பேரின் வயது பற்றி நான் கொடுத்த கடிதங்கள் தவறு என்று ஒரு கடிதம் எழுதினேன். அதுதான் கஷ்டமாக இருந்தது. பத்தொன்பது நாள் அது என் பையில் விழுப்புரம் போய்த் திண்டிவனம் வந்துகொண்டிருந்தது. இருபதாம் நாள் அதை எடுத்துக்கொண்டு அந்தம்மாவிடம் போய் வாசித்துக் காட்டினேன்.

"அவங்களுக்கு நிறுத்திட்டா எனக்கு வந்துடுமா சார்?"

"வராது. உங்களுக்கு மார்கழி வரணும். அதுவும் அடுத்த வருஷத்து மார்கழி."

"அப்புறம் எதுக்கு? பூக்காரிக்குக் கால் வீங்கிக்கினு கெடக்குது, தெருவுல போய் விக்க முடியல. துன்னட்டும்." கடிதத்தை என் பக்கம் தள்ளி, "என்னை அக்கான்னு கூப்புடச் சொல்லுங்க. அது போதும்" என்றார்.

குழாய் போடச் சொன்னால் போடலாம். சாக்கடை கட்டச் சொன்னால் மூன்று கூட்டத்தில் பேசிக் கட்டலாம். இதற்கு எந்தக் கூட்டத்தில் தீர்மானம் போடுவது? பூக்காரியிடமே போய்ச் சொன்னேன்.

"எனக்கு மட்டும் ஆசையா சார்?" என்றார் அவர். "அக்கான்னு கூப்புட்டா நீங்க நோட்டுல எழுதிக்குவீங்க. எம்பணம் பூடும். உங்க நோட்டுக்குப் பயந்துதான் வாய மூடிக்கினு கீறேன்."

"எழுத மாட்டேன்."

"நீங்களா? தெருவுல எத்தினி நாயின்னுகூட எழுதி வெச்சிருப்பீங்க."

பதினாறு. அதை அவரிடம் சொல்லவில்லை.

தாலுகா அலுவலகக் கடிதத்தை நான் கொடுக்கவே இல்லை. செய்தது சரியா என்று இன்றும் தெரியாது. வெகு காலம் கழித்து, இரண்டாயிரத்துப் பத்துகளில், உதவித்தொகைக்கான வயதை அறுபதாகக் குறைத்த செய்தியைப் பேப்பரில் படித்தபோது, என் நான்கு பொய்யும் ஆறிப்போனது போல ஒரு நிம்மதி வந்தது. பின்னால் வந்த சட்டம் முன்னால் சொன்ன பொய்யை உண்மையாக்காது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் வந்தது.

இருபது மாதத்துக்கு அந்தம்மாவுக்குச் சோற்றுக்கு வழி வேண்டும். விழுப்புரத்தில் இலவசக் கண் சிகிச்சை முகாம் ஒன்று நடந்தது. என் காலை ரயிலிலேயே அழைத்துப் போனேன். சீட்டு எழுதியவர் வயது கேட்டதும், "அறுவத்திமூணு வருசம் ஏழு மாசம்" என்றார் அந்தம்மா. எழுதியவர் தலைதூக்கிப் பார்த்தார். அங்கே வந்தவர்களில் மாதத்தோடு வயது சொன்னவர் அவர் ஒருத்தர்தான். புரை எடுத்த பிறகு கல் வேறு, பருப்பு வேறாகத் தெரிந்தது. மில்லில் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். பூக்காரி அவரைப் பார்த்தால், "இந்தாம்மா" என்பார். அக்காவும் இல்லை, பெயரும் இல்லை. இடையில் ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டார்.

மார்கழி முடிந்ததும் ஞானஸ்நானச் சான்றிதழை வைத்து விண்ணப்பித்தோம். அதற்கு என் கடிதம் தேவைப்படவில்லை. மூன்று மாதம் கழித்து ஒரு காலை, கல்லூரி விடுமுறை, நான் தெருவில் சாக்கடை வேலையைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தேன். தபால்காரர் சைக்கிளை நிறுத்தி, பெயரைச் சொல்லி, வீடு எது என்று பூக்காரியிடம் கேட்டார். படியில் வீங்கின காலை நீட்டி உட்கார்ந்திருந்த பூக்காரி, தெருக்கோடி வரை கேட்கும்படி கத்தினார்.

"யக்கோவ்! ஓடியா, ஒனுக்கு மணியாடரு வந்துக்குது!"

கத்தின பிறகுதான் என்னைப் பார்த்தார். சட்டென்று பூக்கூடையைக் குனிந்து கிளறினார். தெருக்கோடியில் கதவு திறந்தது. அந்தம்மா மணியார்டரைப் பார்க்கவில்லை, பூக்காரியைத்தான் பார்த்தார்.

நான் அண்ணாந்து தெருவிளக்குகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்பது இருந்தது. அதில் இரண்டு எரிவதில்லை.